ஃபாதி என்றால் இரண்டு

பிரேக்கை விடு என்று கையால் தட்டுகிறார். விடமாட்டேன். விட்டால் இந்த முற்றத்துச் சரிவில் வீல் செயார் நேரே போய் வாசலில் நிற்கிற ஆமிக்காரப் பொடியன்களின் சப்பாத்தில்தான் ஏறும், பிறகு அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். பொறுங்கோ உம் ஃபாரிஸ், பெட்டி இன்னும் வரவில்லை, வரட்டும். உம் ஃபாரிஸ் என்றால் ஃபாரிஸின் தாய். இந்த மலைக் கிராமத்தில் தலைப்பிள்ளை பிறந்ததும் தாயின் சொந்தப் பெயர் எங்கேயோ போய்விடுகிறது, பராமரிக்க வந்த எனக்கே இவருடைய பெயர் மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஃபாரிஸ் மூத்தவன், அதோ ஐந்து நிறத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அதிகாரியோடு வாய்த்தர்க்கம் பண்ணுகிறான். இளையவன் ஃபாதி. அவன்தான் பெட்டிக்குள் வருகிறான். எல்லையில் செத்து மூன்றாம் நாள் வருகிறான், ஏன் இவ்வளவு சுணக்கம் என்று கேட்டதற்கு ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை, மூடிச் சீல் வைத்த பெட்டி, திறக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். முற்றம் நிறையப் பிளாஸ்டிக் கதிரைகள். வெள்ளை முக்காட்டால் வாய்வரைக்கும் மூடிய பெண்கள் ஒரு பக்கம், வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் மறுபக்கம், நடுவில் சீனி போடாத கோப்பியை ஒருவன் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறான். எல்லோரும் இவரைப் பார்க்கிறார்கள், இவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் நாக்கும் போனதிலிருந்து இவர் சொல்வது விளங்குவது எனக்கு மட்டும்தான். பெற்ற மகனுக்கே விளங்காது, அவன் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "மலர், அம்மா என்ன சொல்லுறா?" என்று என்னிடம்தான் திரும்புவான். இன்றைக்கும் திரும்புவான்.

ஃபாதி. இந்தச் சொல்லை வைத்துத்தான் இவர் என்னை முதலில் குழப்பினார். அவன் பெயர் ஃபாதி, மற்றவருக்காகத் தன்னைக் கொடுக்கிறவன் என்று அரபியில் பொருளாம், பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா என்று இப்போது கோபமாக வருகிறது. இன்னொரு ஃபாதியும் இருக்கிறது. அதற்குப் பொருள் காலி. போத்தல் ஃபாதி, வயிறு ஃபாதி, வீடு ஃபாதி. ஒன்றின் கடைசி எழுத்துக்கு நாக்கு நுனி பட்டும் படாமல் போகும், மற்றதற்கு நாக்கைத் தடிக்க வைத்து அமுக்க வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. வந்த புதிதில் என் காதுக்கும் ஒன்றுதான். ஒருநாள் மத்தியானம் இவர் "ஃபாதி, ஃபாதி" என்று தவிக்க, நான் ஓடிப்போய் லீவில் வந்து படுத்திருந்த பொடியனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன், அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தால் தண்ணீர்ப் போத்தல் காலி. விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து வீட்டுக்குள் வரும்போதே ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு, "அம்மா, ஃபாதியின்ர வயிறு ஃபாதி!" என்று கத்துவான், பிறகு என்னைப் பார்த்து, "மலர் அக்கா, இப்ப அம்மா என்னைக் கூப்பிட்டவவோ, போத்தலைக் கூப்பிட்டவவோ?" என்பான். அவன் அக்கா என்று தமிழில்தான் சொல்வான், நான் பழக்கியது. மற்றதெல்லாம் அரபியும் எபிரேயமும் கலந்த பேச்சு, ஆனால் என் தலைக்குள் வந்து விழும்போது எல்லாம் வன்னித் தமிழாகத்தான் விழுகிறது, என் தலைக்கு வேறு பாஷை தெரியாது. இவருடைய நாக்கு இரண்டு ஃபாதியையும் ஒரே மாதிரிக் குழைத்துவிடும். அதனால் நாக்கைக் கேட்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கப் பழகினேன். காலி என்றால் இடப்பக்கத் தாடை கீழே இறங்கும். மகன் என்றால் தாடை அசையாது, கண்ணோரம் சுருங்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

வருகிறது. தொப்பி போட்ட ஆறு பொடியன்கள், தோளில் பெட்டி, பெட்டிக்கு மேல் நாட்டுக் கொடி, காற்றில் பறக்காமல் இலாஸ்டிக் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் கொடியைப் பார்க்கிறார்கள். நான் தோள்களைப் பார்க்கிறேன். தோள் அமுங்குகிறதா, சட்டைத் துணி சுருங்குகிறதா, முன்னால் வருகிறவனின் கழுத்து நரம்பு புடைக்கிறதா. எனக்கு வேறெதையும் பார்க்க வராது. எனக்குப் பதினைந்து வயதில், வன்னியில், இயக்கத்துக்குப் போன நிமலன் அண்ணாவின் பெட்டி வந்தது. பெட்டி என்று சொல்லக்கூடாது, பேழை. உடல் என்று சொல்லக்கூடாது, வித்துடல். புதைத்தது என்று சொல்லக்கூடாது, விதைத்தது. அங்கேயும் கொடி போர்த்தியிருந்தார்கள், சிவப்பும் மஞ்சளும், அங்கேயும் சீல், அங்கேயும் திறக்கக் கூடாது. அம்மா பேழையைத் தட்டினா. கதவைத் தட்டுகிற மாதிரி, உள்ளே யாரோ எழும்பி வந்து திறக்கப்போகிற மாதிரித் தட்டிவிட்டு, "இதுக்குள்ள அவன் இல்லை" என்றா. கூடப்பிறந்தவள் என்று என்னையும் தோள் கொடுக்க விட்டார்கள். மற்ற ஐந்து பேரும் வளர்ந்த ஆண்கள். என் தோளுக்கும் பேழைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, கையை உயர்த்தித் தொட்டுக்கொண்டு மட்டும் நடந்தேன், கால் விரலை ஊன்றி ஊன்றிப் பார்த்தேன், எட்டவில்லை. திரும்பி வந்ததும் அம்மா அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், "பாரமா இருந்ததோடி?" என்று கேட்டா. எனக்குத் தெரியாது அம்மா என்றேன். தெரியாது என்றுதான் சொல்ல முடியும், தெரியாதே. அந்தத் தெரியாதை வைத்துக்கொண்டு அம்மா மிச்ச நாளெல்லாம் காத்திருந்தா, விதைத்தது என்றால் முளைக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு. இப்போது பெட்டியை மேசையில் இறக்குகிறார்கள். இறக்கும்போது ஒரு சத்தமும் வரவில்லை, பாரமான சாமானை வைத்தால் மரம் முனகும், இந்த மேசை முனகவில்லை. நல்ல மேசையாகவும் இருக்கலாம். எதற்குப் போட்டு யோசிக்கிறேன்.

ஃபாரிஸ் துணியை விரித்துவிட்டான். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. இவர்களுடைய ஐந்து நிறம், துரூஸ் சமய ஆட்களின் நிறம், வீட்டுக் கூரையில் கட்டுவார்கள், கார்க் கண்ணாடியில் தொங்கவிடுவார்கள். பச்சை புத்தி, சிவப்பு உயிர், மஞ்சள் சொல் என்று ஃபாதி ஒருநாள் விரல் மடக்கிச் சொல்லித் தந்தான், மற்ற இரண்டையும் மறந்துவிட்டேன், சொல்லுக்கு ஒரு நிறம் உண்டென்பது மட்டும் பிடித்துப்போய் மனதில் நின்றது. இந்தத் துணி உம் ஃபாரிஸ் நோய் வர முந்தித் தைத்தது, ஃபாதி ஆமிக்குப் போன நாளில் கூரையில் கட்டினார்களாம், மஞ்சளும் நீலமும் சேரும் இடத்தில் தையல் கோணியிருக்கும், எத்தனையோ தரம் தோய்த்துக் காயப்போட்டதால் எனக்குத் தெரியும். "சாகிறதுக்கு மட்டும் நாங்கள் வேணும்," என்று ஃபாரிஸ் கத்துகிறான். "நாட்டுச் சட்டத்தில எங்கட பேர் இல்லை. இண்டைக்கு இந்தத் துணி மேல கிடக்கும், எல்லாற்ற கமெராவிலயும் விழும்." அதிகாரியும் இந்த மலைக்காரன்தான், பக்கத்து ஊர், மெதுவாகத்தான் பேசுகிறான். "நானும் உன்ர ஆள்தான் ஃபாரிஸ். என்ர தம்பியையும் இப்பிடித்தான் கொண்டுவந்தது. பெட்டிக்கு மேல ஒரு கொடிதான், அது ஒழுங்கு. நீங்கள் பின்னால பிடிச்சுக்கொண்டு வாங்கோ, ஆர் தடுக்கிறது?" இவர்களுக்கு நடுவில் ஷேக் நாயெஃப், ஊர்ப் பெரியவர், தொழுகை நடத்தப் போகிறவர், தாடியைத் தடவிக்கொண்டு, "ரெண்டும் வேண்டாம் பிள்ளையள். அது சட்டை. கழட்டிப் போட்ட சட்டைக்கு மேல எந்தத் துணியைப் போட்டால் என்ன?" என்கிறார். கமீஸ் என்றுதான் அவர் வாயில் வந்தது. இவர்களுக்கு உடம்பு ஒரு கமீஸ். உயிர் பிரிகிற அதே நொடியில் எங்கேயோ இன்னொரு துரூஸ் குழந்தை பிறக்கும், உயிர் இந்தச் சட்டையைக் கழற்றி அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளும், இடையில் ஒரு மூச்சு நேரம்கூடச் சும்மா நிற்காது. பரலோகம் போய்க் காத்திருக்கிற அலுப்பெல்லாம் இல்லை. நான் ஃபாதியிடம் ஒருமுறை கேட்டேன், உங்கட ஆக்களுக்கு மட்டும்தானோ, எங்களுக்கெல்லாம் மாத்துச் சட்டை இல்லையோ என்று. அவன் சிரித்துவிட்டு, "உங்கட அண்ணாவுக்காக ஷேக்கிட்டக் கேட்டுச் சொல்லுறன் அக்கா" என்றான். கேட்டானோ தெரியாது, சொல்லவில்லை.

பெண்கள் தொடங்கிவிட்டார்கள். பெட்டியைச் சுற்றி நின்று, மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுகிறார்கள். கல்யாணம் ஆகாமல் போனவனை இப்படித்தான் அனுப்புவார்களாம். வெள்ளை லேஞ்சித் துண்டுகளைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார்கள். ஷேக் கையை உயர்த்தி, "மெல்ல, மெல்ல. அழுகிற சத்தம் அங்க கேட்கும். அங்க பிள்ளை தவிக்கும்" என்கிறார். அங்கே என்றால் எங்கே என்று அவர் சொல்லவில்லை, ஆனால் முக்காடுகளுக்குள் எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் போய்விட்டு வந்தன, கீழே, ஒழுங்கையின் அடிக்கு, பச்சை இரும்புக் கதவு போட்ட வீட்டுக்கு. அங்கே ஹியாம் இருக்கிறாள், எனக்கு இங்கே இருக்கிற ஒரே சிநேகிதி, வாரத்தில் பாதிநாள் என்னோடு மதிலில் சாய்ந்து நின்று ஊர் வம்பு பேசுகிறவள். ஃபாதி செத்த விடியற்காலையில்தான் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், வந்ததிலிருந்து யன்னல் திறக்கவில்லை, என்னைப் பார்க்கக்கூட வெளியே வரவில்லை. இதோ, கேட்கிறது. பெண்கள் குரலை உயர்த்தும்போது கீழே ஒரு குழந்தை வீரிடுகிறது. பெண்கள் நிறுத்தினால் நிற்கிறது. தற்செயல்தான். குழந்தை என்றால் அழும், பிறகு நிற்கும், பிறகு அழும், அதற்கு வேறு என்ன வேலை. மறுபடி பெண்கள் தொடங்குகிறார்கள், மறுபடி அது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசவில்லை, கதவு யன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, இவ்வளவு சனத்தின் சத்தத்துக்கு மேலால் மூன்று நாள் குழந்தையின் குரல் எப்படி ஏறி வருகிறது? மற்றவர்களுக்குக் கேட்கிறதா? உம் ஃபாரிஸின் காது அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

"அம்மாவைக் கேளுங்கோ," என்கிறார் யாரோ. "தாய் சொல்லட்டும், அதோட முடியட்டும்." நல்லது, பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார்கள். பிரேக்கை விடுகிறேன். சனம் விலகி வழி விடுகிறது. உம் ஃபாரிஸ் நல்ல கையை நீட்டுகிறார், இடக்கை, கொடிக்கு மேல் வைக்கிறார், தடவவில்லை, சுருட்டிய விரல் மொழியால் தட்டுகிறார். ஒன்று. இரண்டு. ஐயோ, அந்தத் தட்டல். அம்மா, நீங்கள் இங்கே எப்படி வந்தீர்கள்? தலையைச் சரித்துக் கேட்கிறார், மறுபடி ஒருமுறை தட்டுகிறார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஃபாதி" என்கிறார். "மலர், அம்மா என்ன சொல்லுறா?" ஃபாரிஸ். அதிகாரியும் பார்க்கிறான், ஷேக்கும் பார்க்கிறார், கமெராக்காரனும் பார்க்கிறான். தாடையை நான் பார்த்தேன். இறங்கியது. இடப்பக்கம் நன்றாகவே இறங்கியது. காலி என்றார். இந்தப் பெட்டி காலி என்று தாய் சொல்கிறாள் என்று நான் இப்போது வாய் திறந்தால் என்ன நடக்கும்? ஃபாரிஸ் பெட்டியின் சீலை உடை என்பான். மூன்று நாள் சுணக்கத்துக்குக் கணக்குக் கேட்பான். உடைத்தால் உள்ளே என்ன இருக்கும், ஏதாவது இருக்குமா, இருப்பதைத் தாய் பார்க்கலாமா? உடைக்காவிட்டால் அதைவிட மோசம், காலி என்ற சொல் அவனுக்குள் போய்க் குந்திக்கொள்ளும், அவன் தம்பி எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று சாகும்வரை தேடுவான், ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பான், எனக்குத் தெரியும் அது எப்படி என்று. "பேரைச் சொல்லிக் கூப்பிடுறா," என்றேன். "மகனைக் கூப்பிடுறா." அவ்வளவுதான், முற்றம் முழுக்க உடைந்து அழுதது. அதிகாரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான், அந்தச் சமயம் பார்த்து ஃபாரிஸ் ஐந்து நிறத் துணியைக் கொடிக்கு மேல் போர்த்தினான், ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்தது உம் ஃபாரிஸ்தான். நல்ல கையால் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தார், அது வழுகி அவர் மடியில் விழுந்தது, அதைச் சுருட்டிப் போர்வைக்குள் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது, நீயுமா விளங்காமல் போனாய் என்கிற அலுப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் என் அம்மா இல்லை. என் அம்மா காலி என்றது, மகன் சாகவில்லை என்று. இவர் காலி என்றது, மகன் புறப்பட்டுப் போய்விட்டான் என்று. சட்டையைத்தான் சொன்னார், காலிச் சட்டைக்கு ஏன் சண்டை என்றுதான் சொன்னார், அது இவர்களுக்குள் எல்லோருக்கும் விளங்குகிற பேச்சு, ஷேக் தலையாட்டியிருப்பார், பேசாமல் முடிந்திருக்கும். நான்தான் என் ஊர்ப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டேன்.

போய்விட்டார்கள். பெட்டி மேலே, மயானத்துக்கு, சனம் எல்லாம் அதன் பின்னால். தாய் காரில் வரலாம் என்றார்கள், இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார், தாய்க்குத் தாங்காது என்று ஃபாரிஸ் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான். வீட்டுக்குள் தள்ளப் போனேன், சில்லைப் பிடித்துக்கொண்டார். கீழே என்று கையைக் காட்டுகிறார். வேண்டாம் அம்மா, என்று தமிழில் சொன்னேன், அவர் பிரேக்கைத் தானே விட்டார். சரிவில் பின்பக்கமாய்ச் சாய்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். ஒழுங்கையில் ஒரு பூனைகூட இல்லை. கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, ஒரு வீட்டில் வானொலி தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது, கயிற்றில் காயப்போட்ட ஆண்பிள்ளைச் சட்டைகள் காற்றில் கை நிறைந்து வீங்கி, வற்றி, மறுபடி வீங்குகின்றன, அதைப் பார்க்காமல் போக வேண்டும். ஊரில் சண்டை முடிந்து முகாமில் நிவாரண வரிசையில் நின்றபோது அம்மா ஒரு பொடியனைப் பிடித்துக்கொண்டா. ஐந்தாறு வயது இருக்கும், நிமலன் அண்ணாவைப் போல இடக்கையால் மூக்கைச் சொறிந்தான், அவ்வளவுதான், அம்மா அவன் கையைப் பற்றி நிமலன், நிமலன் என்றா, விடமாட்டேன் என்றா. அவனைப் பெற்றவள் அடிக்கவில்லை, ஏசவில்லை. பிள்ளையின் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடினாள். கண்படாமல், கைபடாமல், பெயர்கூடப் படாமல் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அந்தத் தாயின் பயத்தைப் போல ஒரு பயத்தை நான் ஷெல்லடியிலும் பார்த்ததில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். மேலே முதல் வெடி. மரியாதைக்கு மூன்று வைப்பார்கள். சுவரெல்லாம் அதிர்கிறது, எனக்கு இன்னும் உடம்பு குனியத்தான் பார்க்கிறது. கீழே அழுதுகொண்டிருந்த குழந்தை அந்த வெடியோடு நின்றுவிட்டது. இரண்டாவது வெடி. அழவில்லை. மூன்றாவது. இல்லை. வெடிச் சத்தத்துக்கு அழாத குழந்தை எது?

பச்சைக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஹியாம் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள், சில்லுச் சத்தம் கேட்டிருக்கிறது. குழந்தையை நெஞ்சோடு அமுக்கியிருக்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, எல்லோரும் மேலே. "வந்திட்டாவா," என்றாள், எனக்குச் சொன்னாளா தனக்கே சொன்னாளா தெரியவில்லை. பிறகு ஒரேயடியாகக் கொட்டினாள், "ஊரெல்லாம் கதைக்குது மலர். எத்தனை மணிக்குப் பிறந்தவன் எண்டு நேர்ஸிலயிருந்து எல்லாரும் கேட்டிட்டினம். மறந்துபோனன் எண்டு சொன்னன். இவன் என்ர பிள்ளை. நாளைக்குப் பேச்சு வந்து, என்ர வீடு மேல இருக்கு, என்ர அம்மா மேல இருக்கிறா எண்டு இவன் அழுதால் நான் எங்க போறது? வளர்ந்து மறுபடி அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போவானே?" அப்படிப் பேசுகிற குழந்தைகள் இங்கே உண்டு. இரண்டு தாய் வைத்துக்கொண்டு, பெருநாளுக்கு இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவர்களை எனக்கே தெரியும், சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள், ஹியாமும் அதைச் சிரித்துச் சிரித்துத்தான் எனக்குச் சொன்னவள். மற்றவள் பிள்ளை என்றால் சிரிக்கலாம். உம் ஃபாரிஸ் முன்னால் சாய்ந்தார். குழந்தையைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், அது அழவில்லை. "ஃபாதி," என்றார். ஹியாமின் கை தானாக எழுந்தது. வெள்ளைத் துணியின் நுனியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். "என்ன சொல்லுறா?" உதடு மட்டும்தான் அசைந்தது. "மலர், அவ என்ன சொல்லுறா?" தாடை அசையவில்லை. நான் பார்த்தேன். துளிகூட அசையவில்லை, கண்ணோரம்தான் சுருங்கி, சுருக்கத்துக்குள் நீர் கோத்து நின்றது. ஆனால் அந்த மூடிய முகம், அந்தக் கை, அந்த முகாம் வரிசை. "போத்தல்," என்றேன். "தண்ணிப் போத்தல் காலியாம். தாகமா இருக்காம்." கதிரைக் கைப்பிடியில் தொங்கிய போத்தலைக் கழற்றி ஆட்டிக் காட்டினேன், நல்ல காலம், அது உண்மையிலேயே காலி. ஹியாம் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உடம்பு முழுக்கத் தளர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், அழுகை மாதிரியும் இருந்தது. "போத்தலோ? யா அல்லாஹ், போத்தலோ! இருங்கோ, குளிர்த் தண்ணி கொண்டு வாறன். இந்தா, இவனைப் பிடி." பிடி என்று என் கையில் வைத்துவிட்டாள். என்னை நம்பித்தான் வைத்தாள். போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

குழாய் திறக்கிற சத்தம். உம் ஃபாரிஸ் என்னைப் பார்க்கவில்லை. பொய் சொன்னாய் என்று என் கையைத் தட்டவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்தார், ஒரு கையால் உதறினார், பாதிதான் விரிந்தது, அதை என் கையில் கிடந்த குழந்தைக்கு மேல் போர்த்தினார். பச்சை காலடியில், சிவப்பு வயிற்றில், கோணல் தையலோடு மஞ்சள் நெஞ்சுக்கு மேல். முகத்தை மூடியிருந்த வெள்ளையை ஒரு விரலால் விலக்கினார். குழந்தை விழித்திருந்தது. இந்த வயதில் கண் எதிலும் நிலைக்காது என்பார்கள், இது எங்களைப் பார்க்கிறதா எங்களுக்குப் பின்னால் திறந்து கிடக்கிற கதவைப் பார்க்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பார்த்தது, அவ்வளவுதான், அலுத்துப்போய் வீட்டுக்கு வந்த ஆளைப் போல வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. எனக்குப் பயமாக இருந்தது. ஓடிப் போக வேண்டும் போலவும், குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது போலவும் இருந்தது. உம் ஃபாரிஸ் முகத்தை நிமிர்த்தினார். "ஃபாதி?" என்றார். கேள்வியாக. இதுவரைக்கும் அவர் அந்தச் சொல்லைக் கேள்வியாகச் சொன்னதில்லை. தாடையைப் பார்த்தேன், அது பாதி இறங்கியது. கண்ணைப் பார்த்தேன், அது பாதி சுருங்கியது. குழாய்த் தண்ணீர் போத்தலின் கழுத்துக்கு ஏறுகிற சத்தம் கேட்கிறது, நேரம் இல்லை, எந்த ஃபாதி, அவனா என்று கேட்கிறாரா, காலியா என்று கேட்கிறாரா? அடுப்படியில் நின்று என் அம்மாவும் இப்படித்தான் நிமிர்ந்து பார்த்தா. அன்றைக்கு என் தோளில் ஒன்றும் படவில்லை. இன்றைக்கு முழங்கை மடிப்பில் சூடாக ஒரு தலை, உள்ளங்கையில் ஒரு குதிகால், மூச்சு விடும்போது கூடுகிற பாரம், விட்ட பிறகும் குறையாத பாரம், கை இரண்டும் கீழே இழுபடுகிறது. இடைவெளி இல்லை. "இல்லை அம்மா," என்றேன். தமிழில்தான் வந்தது. "பாரமா இருக்கு." அவருக்குத் தமிழ் தெரியாது. என் கையைப் பார்த்தார், கை அமுங்கியிருந்ததைப் பார்த்தார். பிறகு விளங்கியது என்பதுபோல் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, ஹியாம் வர முந்தித் துணியை எடுத்து நான்காக மடித்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். குசினியில் குழாய் நின்றது.